படகு தரை தட்டிய நேரம்

1

இந்தக் கதையை யாரோ சொல்லக் கேட்டு எழுதுவதாகத்தான் முதலில் ஆரம்பித்தேன். பொன்னேரி ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதாக ஒரு பத்தி எழுதினேன். அவருக்குச் சீனிவாசன் என்று பெயர் வைத்து, கையில் ஒரு சுண்டல் பொட்டலமும் கொடுத்தேன். அத்தனையும் புளுகு. ரயிலில் எனக்கு எந்தக் கதையும் கிடைக்கவில்லை. எங்கே கிடைத்தது என்று சொல்ல வாய் கூசுகிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

அதற்குள் கலைவாணியைப் பார்த்துவிடுங்கள்.

2

கலைவாணி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் பழவேற்காடு ஏரிக்குள் ஒரே தீவில். முப்பத்தாறு வயது. நண்டு வலையில் புருஷனுக்குச் சரிக்குச் சரி நிற்பவள். அவளுடைய நைனா ஆதிநாராயணன் பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. தொண்டைக்குள் குழாய் விட்டு, மிஷினில்தான் மூச்சு ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலை டாக்டர் கூப்பிட்டு, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோவதானால் இப்போதே கொண்டுபோங்கள் என்றார்.

கொண்டுபோகத்தான் வேண்டும். வெளியே செத்தவரை எங்கள் ஊருக்குள் விடமாட்டார்கள். படகுத்துறையிலிருந்து நேரே இடுகாடுதான். உயிரோடு வாசல்படி தாண்டினால்தான் பெண்டாட்டி கையால் கடைசித் தண்ணீர். அங்கே அம்மா மணியம்மாள் சொம்பை விளக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

(“எங்கள் ஊர்” என்று எழுதிவிட்டேன். “அந்த ஊர்” என்று திருத்த வேண்டும்.)

மிஷினைக் கழற்றி, குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி, நர்ஸ் அதைக் கலைவாணி கையில் கொடுத்தாள்.

“அஞ்சு எண்ணிட்டு ஒரு அமுக்கு அமுக்குமா. கொஞ்சம் சொந்த மூச்சும் இருக்கு. பைய அமுக்காம விட்டாலும் நெஞ்சு தானா ஏறினா ஆளு இருக்காருன்னு அர்த்தம். ஏறலன்னா...”

நர்ஸ் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

3

படகில் மூன்று பேர். நடுவில் பாயில் நைனா. தலைமாட்டில் பையோடு கலைவாணி. பின்னால் அவள் புருஷன் வேலு.

ஏரி வற்றுகிற மாதம், உச்சி வெயில். பாதி தூரத்தில் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. வேலு குதித்துத் தள்ளினான். அசையவில்லை.

“யார்னா எறங்குங்க,” என்றான்.

அந்த ஏரியில் படகு தரை தட்டினால் யாரும் யோசித்து இறங்குவதில்லை. கல்யாணப் பெண்ணானாலும் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். பழகிய கால், மனசைக் கேட்காது. கலைவாணியும் இறங்கிவிட்டாள். முழங்காலுக்கு மேல் தண்ணீர், கீழே கணுக்கால் புதையும் சேறு. தோளைக் கொடுத்துத் தள்ளி, படகு நகர்ந்த பிறகுதான் கையில் பை இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

ஏறினாள். பையைப் பிடித்து அமுக்கினாள். நெஞ்சு ஏறியது.

பையை அமுக்கினால் பிணத்தின் நெஞ்சும் ஏறும்.

அவள் எவ்வளவு நேரம் தண்ணீரில் நின்

4

இந்த வாக்கியத்தில்தான் ஒவ்வொரு முறையும் பேனா நிற்கிறது. முதல் பிரதியில் “கண் மூடித் திறப்பதற்குள்” என்று எழுதினேன். கலைவாணியைக் காப்பாற்றிய மாதிரி இருந்தது. இரண்டாவதில் “வெகுநேரம்” என்று எழுதினேன். அது அவளைக் கூண்டில் ஏற்றியது. பொதுவாகக் கதையில் நேரத்துக்கு எழுத்தாளன் வைத்ததுதான் சட்டம். ஆனால் இங்கே ஒரு சொல் மாறினால் ஒரு பெண் அப்பனைக் கொன்றவள் ஆகிவிடுகிறாள். அந்த அதிகாரம் எனக்குப் பிடிக்கவில்லை. (பொய். பிடித்திருந்தது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நல்லதுதானே.)

அதற்கு மேல் நடந்தது இது. படகு கரை சேர்ந்தது. அவரைப் பாயோடு தூக்கினார்கள்; கலைவாணி கூடவே ஓடி ஓடி அமுக்கினாள். வாசல்படி தாண்டியாயிற்று. மணியம்மாள் சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் உதட்டில் பட்டு, குழாயோரமாக வழிந்து காதுக்குள் போனது. கலைவாணி கையை எடுத்தாள்.

“போய்ட்டாரும்மா. இப்பதான்.”

“என் கையால குடிச்சிட்டுத்தான் போனாரு மகராசன்,” என்று மணியம்மாள் அழுதாள். பதினாறு நாளும் வந்தவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னாள். கலைவாணி ஒருமுறைகூட அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் நிற்கவில்லை.

5

கூர்மையான வாசகர் என்னை எப்போதோ பிடித்திருப்பார். படகில் இருந்தது மூன்றே பேர் என்றால், அதில் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்றால், வேலு ஏன் “யார்னா” என்று கேட்கவேண்டும்? “வாணி, எறங்கு” என்றல்லவா சொல்லியிருப்பான்?

படகில் நான்கு பேர்.

நான்காவது ஆள் பரத். கலைவாணியின் தம்பி. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்டிலிருந்து நேரே வந்தவன், கம்பெனி ஷூவோடு* படகில் ஏறி, நைனாவின் கால்மாட்டில், முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். ஓய்ந்த நேரத்தில் பத்திரிகைக்குக் கதை எழுதுவான். அவன் நான்தான்.

வேலு மாமா கேட்டது என்னைத்தான். மச்சான் முறைக்கு மரியாதை வைத்து “யார்னா” என்றார். நான் குனிந்து லேஸை அவிழ்த்தேன். ஒரு ஷூவைக் கழற்றினேன். இரண்டாவது முடிச்சு இறுகியிருந்தது. அதோடு போராடிக்கொண்டிருந்தபோது அக்கா இறங்கிவிட்டாள். படகு நகர்ந்தது. உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? கழற்றிய ஷூவை மறுபடி மாட்டி லேஸைக் கட்டினேன்.

பை நைனாவின் மார்பில் கிடந்தது. கொஞ்சம் முன்னால் குனிந்து கை நீட்டினால் எட்டும் தூரம்.

* எட்டு ஓட்டை, இரும்பு மூக்கு. பிறகொரு நாள் ரூமில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அக்கா இறங்கியபோது அந்த இரண்டாவது முடிச்சோடு போராடியதிலிருந்து மறுபடி லேஸைக் கட்டியதுவரை அதே மாதிரி செய்து பார்த்தேன். நாற்பது விநாடி. ஐந்து எண்ணிக்கைக்கு ஒன்று வீதம் எட்டு அமுக்கு. ஆகவே எவ்வளவு நேரம் என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

6

கருமாதி முடிந்து நான் படகேறும்போது அக்கா துறைவரை வந்தாள்.

“டேய், நீ நைனா எதிர்லதான குந்திகினு இருந்த. நான் எறங்கனப்ப நெஞ்சு தானா ஏறுச்சா?”

“அப்பறம் பேசலாங்கா,” என்று படகேறிவிட்டேன். அஞ்சு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பாள். திரும்ப அதைக் கேட்டதில்லை. பேச்சு முடிந்தபிறகும் போனை வைக்காமல் கொஞ்சநேரம் காத்திருப்பாள். நான் வைத்துவிடுவேன்.

முடிவு ஒன்று: “ஏறுச்சுக்கா, நீ திரும்பி வர்ற வரைக்கும் ஏறுச்சு.” அக்கா தப்பிப்பாள். அம்மாவின் தண்ணீரும் பிழைக்கும்.

முடிவு இரண்டு: “படகு தட்டறதுக்கு முன்னாடியே போய்ட்டாருக்கா.” அக்காவுக்குப் பாவமில்லை. அம்மா பிணத்தின் வாயில் ஊற்றினாள் என்றாகும்.

இரண்டையும் அழகாக எழுதிவிடலாம், எனக்கு வரும். நடந்தது எதுவென்று மட்டும் தெரியாது. அந்த நாற்பது விநாடியும் நான் லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட கதையில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது வழக்கம். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் அதுவும் பையை அடுத்தவர் பிடிப்பார் என்று குனிந்துகொள்வதுதான். உங்களுக்கு எதற்கு இந்தப் பாவம்?

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே போன் போட்டிருக்கிறேன். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டாள்.

“இன்னாடா, அதிசயமா கீது. சாப்ட்டியா?”

“அக்கா, நான் பாக்கல.”

போனை நான் வைக்கவில்லை.