ஐம்பதில் ஒன்று

பொரிப்பகத்தில் அவளுக்கு மின்னல் என்று பெயர். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சைக் கையில் எடுத்து, வயிற்றை லேசாக அமுக்கி எச்சத்தை வெளியேற்றி, பின்பக்கத்தைப் பெருவிரலால் விரித்து விளக்கு வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்ப்பாள். கடுகில் பாதி அளவுக்கு ஒரு மேடு தெரிந்தால் சேவல், வலது பெட்டி. இல்லாவிட்டால் பெட்டை, இடது பெட்டி. மூன்று விநாடிக்குமேல் எந்தக் குஞ்சும் அவள் கையில் இருந்ததில்லை.

பக்கத்து மேஜையில் அதே வேலையைச் செய்தவன் அவள் புருஷன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக இருக்கும் என்று அவனே சொல்லிச் சொல்லி, தொண்ணூற்றொன்பது என்றே அவனுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பதினெட்டு வருஷமாக முழங்கையோடு முழங்கை இடிக்க உட்கார்ந்து, குஞ்சுகளின் பின்பக்கத்தைப் பார்த்தே இருவரும் குடும்பம் நடத்தினார்கள்.

ஒரு திங்கட்கிழமை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வேனில் வந்து இறங்கினார். நான்கு மாதத்துக்கு முன், முட்டைக்கோழி வளர்க்க இருநூறு பெட்டைக்குஞ்சு வாங்கிப்போனவர். ஆறு கூடைகளை மேனேஜர் அறையில் வைத்தார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் கூடைகள் கூவின.

“இதுங்க எப்ப முட்டை போடும்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. நாப்பத்தொண்ணு இருக்கு.”

ரசீதில் தொண்ணூற்றொன்பது உட்காரும் மேஜையின் எண் இருந்தது. “நம்பரை மாத்திப் போட்டிருப்பாங்க சார்,” என்றான் அவன். மேனேஜர் வாதம் செய்யவில்லை. ஐம்பது குஞ்சு கொண்டுவரச் சொன்னார். அவன் பிரிக்க வேண்டும், மின்னல் சரிபார்க்க வேண்டும்.

அவன் ஒவ்வொரு குஞ்சையும் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தான். ஒரு வருஷமாகவே அப்படித்தான் பார்க்கிறான். கேட்டால் விளக்கைக் குறை சொல்வான். இரண்டு முறை விளக்கை மாற்றியும் ஆயிற்று.

அவன் முடித்ததும் அவள் பார்த்தாள். மூன்றுதான் தப்பு என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசுக்குள் ஓடியது.

“பதினொண்ணு தப்பு சார்,” என்றாள்.

வீட்டில் அவன் அவளோடு பேச்சை நிறுத்தினான். ஒன்பதாவது படிக்கும் மகள் நடுவில் மாட்டிக்கொண்டாள். ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு, “உங்கம்மாவை ஃபேனைக் குறைக்கச் சொல்லு,” என்பான்.

“அப்பாவைக் கண் டாக்டரைப் பாக்கச் சொல்லு,” என்பாள் இவள்.

“எனக்குப் பரீட்சை இருக்கு,” என்று மகள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு தூது போக ஆளில்லாததால் நான்காம் நாள் அவன் டாக்டரிடம் போனான். இரண்டு கண்ணிலும் புரை. ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். மறுபடியும் ஐம்பது குஞ்சு, மறுபடியும் மின்னல்.

“ஒண்ணு தப்பு. இது சேவல்.”

“இல்லை, பெட்டை,” என்றான் அவன்.

மேனேஜருக்குச் சாப்பாட்டு நேரம். “அறுத்துப் பாத்தா உள்ள தெரிஞ்சிடும்.”

“வேணாம் சார்,” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அன்றைக்கு அது ஒன்றுதான். குஞ்சு செருப்புப் பெட்டியில் ஏறி அவர்கள் வீட்டுக்கு வந்தது. மகள் அதற்கு வழக்கு என்று பெயர் வைத்தாள்.

வழக்கு வளர்ந்தது. பால்கனியில் காயப்போட்ட துணியெல்லாம் அதனுடையதாயிற்று. இரண்டு மாதத்தில் கொண்டை சிவந்து எழும்பியிருக்க வேண்டும். பொட்டு மாதிரி கிடந்தது. இருவரும் பார்த்தார்கள்.

“சிலதுக்குக் கொண்டை தாமசமா வரும்,” என்றாள் அவள்.

“வரும் வரும்,” என்றான் அவன்.

ஐந்து மாதமான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கு துணிக்கூடைக்குள் முட்டை போட்டது. அவன் அதைக் கொண்டுவந்து அவள் காபி டம்ளர் பக்கத்தில் வைத்தான். அவன் ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு முழுக்க, பதினெட்டு வருஷத்தில் தான் வலது பெட்டியில் போட்ட பெட்டைகள் எத்தனையோ என்று அவள் மனசு அரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வராந்தாவில் மேனேஜர் நிறுத்தினார். “அந்தக் குஞ்சு என்னாச்சு?”

“சேவல்தான் சார்,” என்றான் அவன். “அவ சொன்னதுதான் சரி.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் படித்துக்கொண்டிருந்தான். புரை எடுத்த கண்ணுக்கு அதில் சின்ன எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

“பொய் சார்,” என்றாள் அவள். “நேத்து முட்டை போட்டுச்சு.”

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப தப்பு யாரோடது?”

“என்னோடது.”

“சரி,” என்றார் அவர். “ரெண்டு தட்டு குஞ்சு பொரிஞ்சு காத்துக்கிட்டிருக்கு. போங்க.”

போனார்கள். வாசலில் அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். “உன்னை யாரு கேட்டா?” என்றான் மெதுவாக. நாலு நாள் பேசாமலிருந்தவனின் குரலாக அது இல்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து முதல் குஞ்சை எடுத்தாள். அன்றைக்கு ஒவ்வொரு குஞ்சையும் நாலு விநாடி பார்த்தாள்.