கப்பலுக்கு எழுதிய பெயர்

சாருஜா கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டிக்குள் ஒரு பாய்க்கப்பல் துண்டு துண்டாகக் கிடந்தது. விலாக்கட்டைகள், ஈர்க்கு மாதிரி மெல்லிய பலகைகள், மூன்று பாய்மரம், நூல் பந்துகள், சின்னப் பெயின்ற் போத்தல்கள். அப்பா சும்மா இருந்து யோசிக்கக் கூடாதென்று மகள் அனுப்பியது. கடலுக்குப் போவதை விட்டுப் பன்னிரண்டு வருடமாகியிருந்த கேதீஸ்வரன் மூன்று மாதம் அதோடேயே கிடந்தார். பலகைகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வளைத்தார். வளைவு பிசகினால் கத்தியால் கிளப்பி மறுபடி ஒட்டினார்.

"இஞ்சாருங்கோ, உது மிதக்குமோ?" பெண்சாதி பாலேஸ்வரி மீன் வெட்டிக்கொண்டே கேட்பாள்.

"அலுமாரிக்கு மேலை நல்லா மிதக்கும்."

"அறுபது வயசிலை விளையாட்டுச் சாமான். சனம் சிரிக்கப்போகுது."

அடியில் சிவப்பு, மேலே கறுப்பு, நடுவில் மஞ்சள் கோடு. பாயும் கட்டியாயிற்று. பின்பக்கத்துப் பெயர்ப்பலகை மட்டும் வெறுமையாக இருந்தது. அதோடு வீட்டில் பகிடியும் நின்றுவிட்டது.

கேதீஸ்வரன் வீட்டில் வள்ளத்துக்குச் சாமி பெயர் வைப்பதில்லை. வீட்டில் கடைசியாகச் செத்தவரின் பெயர்தான் வைப்பார்கள். பாட்டன் காலத்திலிருந்து அப்படி. சின்ன வயதிலேயே வெளிநாடு போன சாருஜாவுக்கு இது தெரியாது. "அண்ணையின்ரை பேரை எழுதுங்கோவன் அப்பா, ஞாபகமா இருக்கும்" என்று போனில் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற பாலேஸ்வரிக்கு அது கேட்டது. "என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான். எழுதிப் பாருங்கோ, அதுக்குப் பிறகு நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்."

மகன் ஜெயசுதன் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவுஸ்திரேலியாவுக்கென்று படகு ஏறியவன். ஏறிய நாற்பத்தொரு பேரில் ஒருவருடைய செய்தியும் வரவில்லை. உடல் இல்லை, அதனால் செத்தவீடும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. அப்போது அவனுக்குக் கலியாணமாகி எட்டு மாதம். பெண்சாதி தர்சிகா இன்றும் தாலியோடும் பொட்டோடும் மாமன் வீட்டிலேயே இருக்கிறாள். வயது முப்பத்தாறு. பெண்சாதியை இழந்த உடுப்பிட்டி வாத்தியார் ஒருவர் இரண்டு வருடமாக அவளைக் கலியாணத்துக்குக் கேட்கிறார். "நாளைக்கு அவன் வந்து நிண்டால் என்ன சொல்லுவாய்?" மாமியின் அந்த ஒரு கேள்வியோடு தர்சிகா வாயை மூடிக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை பாலேஸ்வரி கோயிலுக்குப் போயிருந்தாள். தர்சிகா தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"மாமா, பேரை எழுதுங்கோ."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"நீங்கள் கடலிலை கிடந்த ஆள். உங்களுக்குத் தெரியும். அவர் வருவாரோ?"

கேதீஸ்வரன் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். அன்றைக்கு மகனை வழியனுப்பக் கரைக்குப் போனது அவர்தான்.

"அந்தப் போட் பாரம் கூடி, விளிம்பு வரைக்கும் தண்ணிக்கை தாண்டு நிண்டது பிள்ளை. நான் பாத்தனான். இறங்கு எண்டு சொல்லேல்லை. எல்லாரும் சந்தோசமா நிண்டாங்கள்."

தர்சிகா அழவில்லை. மெல்லிய பிறஸ் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கேதீஸ்வரன் வெள்ளைப் பெயின்ற்றில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். 'ஜெயசுதன்'.

பாலேஸ்வரி வந்தவள் நேரே மேசையைத்தான் பார்த்தாள். வீடு பிளக்கக் கத்தப்போகிறாள் என்று கேதீஸ்வரன் நினைத்தார். அவள் பெயரை விரலால் தொட்டாள். பெயின்ற் விரலில் ஒட்டியது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அண்டைக்கே."

பாலேஸ்வரி உடுத்திருந்த கோயில் சீலையோடேயே கிணற்றடிக்குப் போனாள். வாளி விழுந்த சத்தம் கேட்டது. கேதீஸ்வரன் போய்ப் பார்த்தபோது தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். செத்தவீட்டு முழுக்கு.

"நீங்களும் வந்து முழுகுங்கோ" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "அவளையும் வரச் சொல்லுங்கோ."

தர்சிகா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். பாலேஸ்வரி வாளியை வைத்துவிட்டு, ஈரச்சீலை காலைத் தடுக்கத் தடுக்க வந்து, அவள் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.