கிழியாத சட்டை

விடியும்முன் பிணவறைத் தரையைக் கழுவிவிட வேண்டும். பினாயிலில் ஊறி என் விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிருந்தது. கடைசி வாளியை ஊற்றும்போது மர அறுவை ஆலையின் வண்டி வந்து நின்றது. உள்ளே ஒரு தொழிலாளியின் உடல். கூலிக் குறைப்பை எதிர்த்து ஆட்களைத் திரட்டியவர்.

"ரம்பத்துல விழுந்துட்டான். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்றார் கூடவே வந்த முதலாளி.

உடலை மேசையில் கிடத்தினோம். எந்த உடல் வந்தாலும் முதலில் நான் விரல்களை மடக்கிவிடுவேன். விரிந்த கை எதையோ கேட்பதுபோல் இருக்கும். வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும். அன்று டாக்டரம்மா தடுத்தார்.

"மடக்காதம்மா. கை அப்படியே இருக்கட்டும்."

உள்ளங்கையில் குறுக்காக ஒரு வெட்டு. முன்கையிலும் வெட்டுகள். சட்டையைக் கழற்றினால் நெஞ்சில் ஒரு குத்து.

"ரம்பப் பல்லு சதையைப் பிய்ச்சிருக்கும். இது ஓரம் நேரா இருக்கு, கத்தி. கையை நீட்டித் தடுத்திருக்காரு, பாவம்" என்றார். பிறகு அந்தச் சட்டையை வெளிச்சத்தில் விரித்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. மருந்துக்குக்கூட ஒரு கிழிசல் இல்லை.

அட பாவிகளா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தவர்கள், சோற்றைக் கொஞ்சம் தாராளமாக வடித்திருக்கக் கூடாதா?

"செத்தப்ப போட்டிருந்த சட்டை எங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரே ரத்தம். எரிச்சாச்சு" என்றார் முதலாளி.

"எரிக்கல." வாசலில் கூடியிருந்த ஆலைக்காரர்களிடையே, ஆலையைக் கூட்டிப் பெருக்குகிற ஓர் அக்காவின் குரல். "என்னைத்தான் எரிக்கச் சொன்னாங்க. மனசு வரல."

சாப்பாட்டுப் பையிலிருந்து ரத்தக்கறை படிந்த சட்டையை எடுத்து நீட்டினாள். "ஐயோ, இந்தப் பொத்தான் நான் தச்சது!" என்று வாசலில் நின்ற இறந்தவரின் மனைவி அலறினாள். டாக்டரம்மா சட்டையை நெஞ்சின்மேல் பரப்பினார். துணியின் கிழிசல் குத்துக்கு நேராக உட்கார்ந்தது.

"டாக்டர், யோசிச்சு எழுதுங்க" என்றார் முதலாளி.

"பார்த்ததை எழுத யோசனை எதுக்கு? போலீசைக் கூப்பிடுங்கப்பா."

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஆலைப் பக்கம் காலை வைக்காத."

"வைக்கல முதலாளி" என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற ரம்பக்காரர். "நாங்க யாருமே வைக்கல."

போலீஸ் யாரைப் பிடிக்கும், யாரை விடும், யார் கண்டது! ஆனால் எல்லாம் முடிந்தபின் அக்கா உள்ளே வந்து, அந்த விரிந்த உள்ளங்கையில் தன் கையை வைத்தாள். அடுத்து ரம்பக்காரர். அவருக்குப் பின்னால் வாசல்வரை ஆட்கள் நின்றார்கள்.

நானும் போய் வரிசையில் நின்றேன். அந்த விரல்களை நான் மடக்கவில்லை.