பல்லி வண்டி

கார் தெருமுனையில் திரும்புவது தெரிந்ததும் பானுமதி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஷெட்டுக்கு ஓடினாள். பெண் பார்க்க வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். இவரோ, அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு வண்டியின் மேல் குப்புறப் படுத்திருந்தார். கன்னம் டேங்க்கில் அழுந்தியிருந்தது. கைகள் இரண்டு பக்கமும் தொங்கின.

"ஏங்க, இன்னைக்குமா? எந்திரிங்க. வந்துட்டாங்க."

மாதவராஜ் அசையவில்லை. வண்டியில் படுத்து அளவு பார்க்கும்போது அவர் எப்போதும் அப்படித்தான். உடம்பு எவ்வளவு ஒட்டிக் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் காற்று தடுக்காது என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடப்பார். கூப்பிட்டால் பதில் வராது.

வாசலில் கார் கதவு திறந்தது.

"அப்ப இங்கியே கெடங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, ஷட்டரைத் தரைவரை இழுத்து விட்டாள்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டியவர் அவர். வேலையை விட்டுவிட்டு பாப்பிரெட்டிப்பட்டிக்கே திரும்பி வந்து, வீட்டை ஒட்டித் தகர ஷெட் போட்டு, ஒரு பழைய லேத்தை இறக்கினார். போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்த வண்டிதான். மாட்டு வண்டி நீளம், முழங்காலுக்குச் சற்று மேலே உயரம். பழைய புல்லட் எஞ்சின் ஒன்றைப் பிரித்துத் திரும்பத் திரும்பக் கட்டினார். சுற்றிலும் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி மீன் உடம்புபோல வளைத்தார். குஜராத்தில் உப்பு காய்ந்து கிடக்கிற வெட்டவெளியில் நேராக ஒரே ஓட்டம். எவ்வளவு வேகம் போகிறதென்று பார்க்க வேண்டும். அவருக்கு அவ்வளவுதான் ஆசை.

"இதுல பால் கேன் மாட்ட முடியுமாண்ணா?" என்று ஊரில் கேட்டுச் சிரித்தார்கள். மேலே படுத்து ஓட்டுகிற வண்டி என்பதால் பல்லி வண்டி என்று பேர் வைத்தார்கள். ரேஷன் கடை வரிசையில் பானுமதி, பல்லிக்காரர் பொண்டாட்டி ஆனாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவளுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது.

மாப்பிள்ளையின் அப்பா நவநீதன் அரூரில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். உட்கார்ந்ததும், "உங்க வூட்டுக்காரரக் காணமே" என்றார்.

"தருமபுரிக்குப் போயிருக்காருங்க. அவசரமா ஒரு மோட்டாரு. வந்துருவாரு."

தட்டோடு வந்த மகள் ஐஸ்வர்யா ஒரு நொடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். பஜ்ஜி, கேசரி, காபி எல்லாம் ஆயிற்று. பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. "அவரையும் பாத்துட்டுப் போலாம்னு நெனச்சோம். பரவால்ல, இன்னொரு நாள்" என்று நவநீதன் எழுந்தார்.

கார் போனதும் பானுமதி சிரித்துக்கொண்டே ஷட்டரைத் தூக்கினாள். திட்டுவதா, நல்ல சேதியை முதலில் சொல்வதா என்றிருந்தது.

அவர் அதே இடத்தில், அதே மாதிரி கிடந்தார். தொங்கிய விரல்களைத் தொட்டாள். ஜில்லிட்டிருந்தன.

பக்கத்து வீட்டிலிருந்து கொழுந்தன் கருப்பண்ணன் ஓடிவந்தார். மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினார்கள். ஐஸ்வர்யா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தருமபுரிலருந்து வந்தாரு, நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தாருன்னே சொல்லிக்கலாம்" என்றாள் பானுமதி. அது தன் குரல்தானா என்று அவளுக்கே இருந்தது.

கருப்பண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சரிங்க அண்ணி" என்றார்.

சொல்லச் சொல்ல அந்தப் பொய்க்குக் கை கால் முளைத்தது. எந்த பஸ்ஸில் வந்தார் என்று ஒருத்தி கேட்டாள். தண்ணீர் கேட்டாரா என்று இன்னொருத்தி. கேட்டார், இரண்டு மடக்கு குடித்தார் என்று பானுமதி சொன்னாள். அழுகிற எல்லோரோடும் சேர்ந்து அவளும் அழுதாள். யாராவது கட்டிப்பிடித்தால் உடம்பு கூசியது.

மறுநாள் காலை குளிப்பாட்டும்போது நாத்தனார் குள்ளம்மாள் தம்பியின் முகத்துக்கு அரப்புப் பொடி தேய்த்தவள் கையை நிறுத்தினாள். கன்னத்தில் வட்டமாக ஒரு அச்சு. அழுத்தித் தேய்த்தும் போகவில்லை.

"ஏம்மா பானு, இதென்ன தடம்?"

டேங்க் மூடியின் அச்சு அது. பானுமதி வேறு பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"பஸ்ல கம்பில சாஞ்சு தூங்கியிருப்பாரு."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஐஸ்வர்யாவின் கையில் சொம்பு அப்படியே நின்றது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. மீதித் தண்ணீரை அப்பாவின் கன்னத்தில் மெதுவாக ஊற்றினாள்.

வெயில் ஏறியது. பந்தல் போதாமல் ஆட்கள் தெருவில் நின்றார்கள். யாரோ போய் ஷெட்டைத் திறந்து உள்ளே நாற்காலிகளைப் போட்டுவிட்டார்கள். பானுமதி எட்டிப் பார்த்தபோது வண்டி எல்லோர் நடுவிலும் பளபளவென்று நின்றது. அதற்கு நேரெதிரில் நவநீதன் உட்கார்ந்திருந்தார். சேதி கேட்டு விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் போய்த் தூணோரம் நின்றாள்.

"அவரு செஞ்சதாம்மா?"

"ஆமாங்க."

"ஓட்டிப் பாத்தாரா?"

"இல்லீங்க. இன்னும் ரோட்டுல எறக்கல."

அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து நாங்க வந்தப்ப ஷட்டர் சாத்தியிருந்துச்சு. இவ்வளவு அருமையான வேலய உள்ள வெச்சுக்கிட்டு, எதுக்கும்மா சாத்துனீங்க?"

குற்றமாகக் கேட்கவில்லை. ஆறுதலாகத்தான் கேட்டார். பானுமதி வாயைத் திறந்தாள்.

"நீங்க பாத்தா... ஒரு மாதிரி நெனப்பீங்களோன்னு..."

"இதுல நெனைக்கறதுக்கு என்னம்மா இருக்குது?"

மாதவராஜின் உயிர் எப்போது போனது என்று பானுமதிக்குத் தெரியாது. ஷட்டர் இறங்கிய சத்தம் அவருக்குக் கேட்டதா என்பதும் தெரியாது. வாசலில் பறை அடிக்கத் தொடங்கினார்கள். நவநீதன் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மாதவராஜைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். குடம் குடமாகக் கொட்டிய தண்ணீர் பூவும் அரப்புமாக வாசலில் வழிந்து, சரிவில் ஷெட்டுக்குள் போய் வண்டிச் சக்கரத்தைத் தொட்டது.

சுவரோரம் உட்கார வைத்திருந்த பானுமதி எழுந்து போனாள். "நீ எதுக்கும்மா, உக்காரு" என்றாள் குள்ளம்மாள். அவள் வண்டியின் முன்னால் மண்டியிட்டு, புடவைத் தலைப்பால் டயரைத் துடைத்தாள். புது டயரில் முளைத்திருந்த ரப்பர் முடிகள் ஒன்றுகூடத் தேயாமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. பெண்கள் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள்.