பதினைந்து கையெழுத்து

ஒக்கலிபுரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய சங்கக் கட்டிடத்தில் தினமும் மாலை ஏழு மணிக்கு வகுப்பு நடக்கும். ஜூடித் டீச்சர் அங்கே பெயர் கூப்பிடுவதில்லை. வருகிறவர்களே நோட்டில் தங்கள் பெயரை எழுத வேண்டும். வீட்டுவேலை செய்கிறவர்கள், பூ விற்கிறவர்கள், ஊதுபத்தி உருட்டுகிறவர்கள் என்று மொத்தம் பதினைந்து பெண்கள். போகிற இடமெல்லாம் கட்டைவிரலை நீட்டி நீட்டி அலுத்துப்போனவர்களுக்குத் தன் பெயரைத் தானே எழுதுவது சின்ன விஷயமா? நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார்கள். எழுதி முடித்த கையோடு அடுத்தவள் எழுத்தைப் பார்த்துக் கேலி செய்வார்கள்.

வினையும் அந்த நோட்டில்தான் இருந்தது. வகுப்பை நடத்திய டிரஸ்ட்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் நல்லதுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒரு நாள் பதினைந்துக்குக் குறைந்தாலும் சென்டரை மூடிவிடுவார்கள். மர்பி டவுனில் ஜூடித்தின் தெருவில் இருந்த சென்டரை அப்படித்தான் மூடினார்கள். அதனால் வராதவர்களுக்கு ஜூடித்தே கையெழுத்துப் போடுவாள். எழுதக் கற்றுக்கொடுத்தவளுக்கு யார் கை எங்கே நடுங்கும் என்பது அத்துப்படி. ரமாவின் பெயர் கோழி கிளறின மாதிரி இருக்கும். வனஜாவின் பெயர் கோட்டை விட்டு மேலே ஏறிக்கொண்டே போகும். டீச்சர் இப்படிச் செய்வது பெண்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள்.

1998 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டு கொட்டென்று கொட்டியது. கரண்ட் இல்லை. ஒருத்திகூட வரவில்லை. ஜூடித் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். பிறகு பதினைந்து பெயரையும் பதினைந்து விதமாக எழுதிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அன்று வனஜா வீடு திரும்பவில்லை. மழைக்கு எங்கேயாவது வேலை செய்கிற வீட்டிலேயே தங்கியிருப்பாள் என்று நினைத்தார்கள். விடிந்தும் ஆளைக் காணோம் என்றதும் அவள் மகள் கிருத்திகா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். வனஜா தினமும் நாலு மணிக்கு மல்லேஸ்வரத்தில் ஒரு பங்களாவுக்குப் போவாள். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். செடிக்குத் தண்ணீர் விடுவதும், தரைக்கடியில் இருக்கிற சம்ப்பைத் திறந்து தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும் அவள் வேலை. முதலில் அங்கே போய்ப் பார்க்கலாம் என்று கிருத்திகா சொன்னாள். பங்களாவிலிருந்து ஏழு மணி வகுப்புக்கு வருவாள் என்றும் சொன்னதால், கான்ஸ்டபிள் பக்கத்திலிருந்த சங்கத்துக்கு வந்து நோட்டைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் வனஜாவின் பெயர் மேலே ஏறிக்கொண்டு போயிருந்தது.

"அங்கேருந்து கிளாஸுக்கு வந்துட்டுத்தானேம்மா போயிருக்கா? இனி அங்க என்ன இருக்கு?" என்றார்.

பக்கத்து வீடுகளில் இருந்த பெண்களைக் கூப்பிட்டு விசாரித்தார். நடந்த கூத்தைக் கேளுங்கள். ரமா நோட்டைப் பார்த்தாள். அவள் பெயர் இருந்தது. நான் வரவில்லை என்றால் டீச்சர் மாட்டிக்கொள்வார், சென்டர் போய்விடும். மற்றவர்கள் எப்படியும் வந்திருப்பார்கள் என்று நினைத்து, "வந்தா சார், என் பக்கத்துலதான் உக்காந்தா" என்று சொல்லிவிட்டாள். அடுத்து வந்த ஜானகி, ரமாவே சொல்கிறாளே என்று தலையாட்டினாள். இப்படியே ஒருத்தியை நம்பி ஒருத்தி. வராத பதினான்கு பேர் சேர்ந்து, வராத ஒருத்தியை வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

புதன்கிழமை ஏழு மணிக்கு ஜூடித் வந்தபோது கான்ஸ்டபிள் வாசலில் நின்றிருந்தார். "நேத்து அந்தம்மா வந்தாங்கதானே?" என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நோட்டு அவர் கையில் இருந்தது. ஜூடித் தலையாட்டினாள்.

வகுப்பு விட்டு வீட்டுக்குப் போகிற வழி என்று ஆட்களெல்லாம் தண்டவாளம் நெடுக டார்ச் அடித்துத் தேடினார்கள். வெள்ளிக்கிழமை, பங்களாவின் பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம் வருகிறது என்று புகார் சொன்ன பிறகு, திறந்து கிடந்த சம்ப்புக்குள் பார்த்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் வனஜா கிடந்தாள். விழுந்ததில் கால் உடைந்திருந்தது. உடனே உயிர் போகவில்லை, புதன்கிழமை இரவு வரைக்கும்கூட உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அதோடு விடவில்லை ஊர் வாய். கிளாஸ் முடிந்து எட்டரை மணிக்கு மேல், ஆளில்லாத பங்களாவுக்கு ஒரு பொம்பளை எதற்காகப் போனாள்? யாரைப் பார்க்கப் போனாள்? குழாயடியில் ஆரம்பித்த பேச்சு வனஜாவின் புருஷன் சீனுவின் காதுக்கும் போனது. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற மனுஷன். பதினொன்றாம் நாள் மனைவியின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டான்.

வகுப்பு நடந்தது. பதினைந்தாவது ஆளைச் சேர்க்க டிரஸ்ட்காரர்கள் ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். வனஜா உட்காருகிற ஜன்னலோர இடத்தில் யாரும் உட்காரவில்லை. பேச்சு மட்டும் தினம் தினம் வளர்ந்தது.

"பச்சைப் புடவை. முந்தானை பூரா ஈரம், சொட்டுது" என்பாள் ரமா.

"வாயே தொறக்கல. குனிஞ்ச தல நிமிராம எழுதிட்டே இருந்தா. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்பாள் ஜானகி.

பொய் சொல்கிறவர்கள் முகம் மாதிரி இல்லை அது. பார்த்தவர்கள் முகம். அன்று இந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவள் ஜூடித் மட்டும்தானே? ஆனால் கேட்கக் கேட்க அவளுக்கும் தெரிய ஆரம்பித்தது. மெழுகுவர்த்தி வெளிச்சம், ஜன்னலோரம் ஈரப் புடவை, குனிந்த தலை. கரும்பலகையில் எழுதும்போது முதுகுக்குப் பின்னால் பதினைந்து பேர் இருக்கிற மாதிரியே இருந்தது. ஒரு நாள் நோட்டை மூடப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வனஜாவின் பெயர் மை காயாமல் கோட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. எழுதிய ஞாபகமே அவளுக்கு இல்லை. தன் கைப் பழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டாள். அந்த இரவு தூக்கம் வரவில்லை.

பதினாறாம் நாள் கிருத்திகா வகுப்புக்கு வந்தாள். தையல் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். முகம் இந்த இரண்டு வாரத்தில் முப்பது வயதுக்கு ஏறியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"டீச்சர், அன்னைக்கு அம்மா என்ன புடவை கட்டியிருந்தாங்க?"

ஜூடித் நோட்டை மூடினாள். ரமாதான் பதில் சொன்னாள். "பச்சைம்மா. நான்தான் பாத்தேனே."

"எல்லாரும் பச்சைன்னுதான் சொல்றாங்க. வெளிய எடுத்தப்போ ஊதாப் புடவை. காலையில நான்தான் மடிச்சுக் குடுத்தேன். எங்கப்பா கேக்கறாரு, பச்சைப் புடவைய எங்க மாத்தினா, யார் வீட்ல மாத்தினான்னு. அம்மாவப் பத்தி அப்படிக் கேக்கறாரு டீச்சர்." அவள் குரல் உடைந்தது. "நீங்களாவது பாத்ததச் சொல்லுங்க."

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். சொன்னால் வேலை போகும், சென்டர் போகும், போலீஸ் வரும். சொல்லாவிட்டால் செத்தவளுக்கு வந்த இந்தக் கெட்ட பெயர் சாகாது. இதற்குமேல் தாங்க ஜூடித்தால் முடியவில்லை.

"உங்கம்மா வரலை. யாருமே வரலை. நான் மட்டும்தான் இருந்தேன். பதினஞ்சு கையெழுத்தும் நான் போட்டது."

ஜானகி எழுந்துவிட்டாள். "என்ன டீச்சர் பேசறீங்க? வந்தாளே! அங்கதானே..." என்று ஜன்னலோரத்தைக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது. "நீங்க அன்னைக்கு வந்தீங்களா ஜானகிக்கா?" என்று ஜூடித் கேட்டாள். ஜானகி கையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நானும் வரலம்மா. மத்தவங்க வந்திருப்பாங்கன்னு நெனச்சேன்." நானும் வரலை, நானும் வரலை என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் குரல் வந்தது.

கிருத்திகா ஜூடித்தின் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அம்மா ராத்திரி எங்கயும் போகல. நாலு மணிக்கு வேலைக்குப் போனாங்க, அங்கயே விழுந்துட்டாங்க. இத ஸ்டேஷன்ல வந்து சொல்வீங்களா? எங்கப்பா முன்னாடி சொல்வீங்களா?"

"சொல்றேன். இப்பவே வரேன்."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு நிமிஷம் நிம்மதி தெரிந்தது. தாயின் பெயர் திரும்பக் கிடைத்த நிம்மதி. பிறகு அவள் உதடுகள் அசைந்தன. செவ்வாய் நாலு மணி, புதன் காலை, புதன் ராத்திரி என்று அவள் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஜூடித்துக்குத் தெரிந்தது.

"டீச்சர், நாங்க லைன்ல தேடிட்டிருந்தப்போ அவங்க உள்ளேருந்து எங்களக் கூப்பிட்டிருப்பாங்களா?"

இல்லம்மா, மயக்கத்திலேயே போயிருப்பாங்க என்று சொல்ல ஜூடித் வாயெடுத்தாள். இத்தனை நாளும் அவள் நல்லதுக்கென்று சொன்ன பொய்கள் போலவே அதுவும் நல்ல பொய்தான்.

"கூப்பிட்டிருப்பாங்க" என்றாள் ஜூடித்.