அரை நிமிட மௌனம்

முத்துப்பேச்சி அக்காவைக் கொலைகாரியாக்கியது நான்தான். யூடியூப் சேனல் கார்த்திக்ராஜுடையது, தலைப்பு வைத்ததும் அவன். ஆனால் வெளிச்சமும் சத்தமும் என் கைவேலை. அவை இல்லாவிட்டால் அந்த வீடியோவை அக்காவின் சொந்தக்காரர்கள்கூட முழுசாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பழனிசெட்டிபட்டியில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, நகைக்கடை விளம்பரம் எல்லாம் எடுப்போம். இரண்டு குறும்படத்துக்குப் பரிசு வாங்கியவன் என்ற திமிரும் எனக்கு உண்டு. முகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் விளக்கைக் காட்டி மறுபக்கத்தை விட்டுவிட்டால் பச்சைப்பிள்ளைகூட எதையோ மறைக்கிற மாதிரி இருக்கும். அதற்கடியில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஓர் உறுமலை ஓடவிட்டால் பார்ப்பவன் வயிறு தானாக இறுகும். ஏன் இறுகுகிறது என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். அந்த இரண்டு பொய்யும்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

அக்காவின் ஊரான அனுமந்தன்பட்டிக்குப் போனது நல்ல காரியத்துக்குத்தான். அக்காவின் மாமனார் மலைச்சாமி, திராட்சைக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தை ஒரு குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றி மோட்டார் ரூமில் வைத்திருந்தார். பிறகொரு சாயங்காலம் பிராந்தி என்று நினைத்து அவரே அதை எடுத்துக் குடித்துச் செத்துப்போனார். போலீசும் விபத்து என்று எழுதி முடித்தார்கள். மருந்தைக் கண்ட பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள் என்று சொல்ல ஒரு விழிப்புணர்வு வீடியோ எடுக்கலாம் என்றான் கார்த்திக்ராஜ். அந்த வீட்டில் கேமரா முன்னால் உட்கார வேறு ஒருவரும் வரவில்லை. மருமகள் முத்துப்பேச்சி அக்காதான் வந்தாள்.

"இதப் பாத்து நாலு வீட்ல உசுரு பொழைச்சா சரித்தான் தம்பி" என்றாள்.

பேட்டி முடிந்ததும் 'ரூம் டோன்' எடுப்பது என் வழக்கம். ஒவ்வொரு அறைக்கும் அதற்கென்று ஒரு மௌனம் உண்டு. ஃபேன், ஃபிரிட்ஜ், தெருவில் போகிற டிராக்டர் எல்லாம் சேர்ந்த மௌனம். வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டுவதற்கு அது வேண்டும்.

"அக்கா, அரை நிமிஷம் அப்படியே இருங்க. யாரும் பேசக் கூடாது" என்றேன்.

வகுப்பில் வாத்தியார் சொன்ன மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் கேமராவை அணைக்கவில்லை. சூடு ஆறினால் மூட்டை கட்டலாம் என்று ஒரு விளக்கை மட்டும் அணைத்திருந்தேன். அக்காவுக்குப் பாதி முகம் இருட்டு. சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தைப் பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள். தலை குனிந்துகொண்டாள்.

எடிட்டிங்கில் அதைப் பார்த்ததும் கார்த்திக்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மாப்ள, விழிப்புணர்வெல்லாம் எவன்டா பாப்பான்? இதுலதான்டா கதை இருக்கு" என்றான். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அவன் சொல்வதற்கு முன்பே எனக்கும் கை அரித்தது, அதுதான் உண்மை.

பேட்டியில் அவன், "பாட்டில்ல மருந்த ஊத்தி வச்சது யாருக்கா?" என்று கேட்டிருந்தான். அக்கா மூச்சுகூட விடாமல், "மாமாதான் ஊத்தி வச்சாக. வேணாம் மாமான்னு சொல்லச் சொல்லக் கேக்கல" என்றிருந்தாள். அந்தப் பதிலை வெட்டினேன். அதற்குப் பதிலாக ரூம் டோனுக்காக அவள் சும்மா இருந்த மௌனத்தில் பதினோரு விநாடியை வைத்தேன். ஃபேன் சத்தத்தை நீக்கினேன். தோட்டத்தில் பதிவு செய்த மருந்தடிக்கிற மோட்டார் சத்தத்தை நாலு மடங்கு மெதுவாக்கி அடியில் ஓடவிட்டேன். மற்ற இடங்களையும் அதற்கேற்ப இருட்டாக்கினேன். ஒரு பொய் வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அப்படிச் சொல்லித்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். கீழே எழுதியவர்களில் பாதிப் பேர் நீதிபதி, மீதிப் பேர் தூக்குப் போடுகிறவர்கள். நன்றாக வந்திருக்கிறது என்று என் நண்பர்கள் தோளில் தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலையில் அக்கா ஸ்டுடியோ படியேறி வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, கார்த்திக்ராஜ் இல்லை என்பதை முதலில் சொன்னேன்.

"அவுகளப் பாக்க வரல தம்பி. ஒங்கள ஒண்ணு கேக்கணும்" என்று உட்கார்ந்தாள். "வீட்ல என் கையால யாரும் தண்ணிகூட வாங்கிக் குடிக்கிறதில்ல. எங்க வீட்டுக்காரரு மூணு வேளையும் கடையில திங்கிறாரு. நாத்தனா தேவாரத்துலருந்து வந்து தனியா ஒல வைக்கிறா. அது போகட்டும். நான் ஏன் தம்பி அந்தக் கேள்விக்குப் பேசாம இருந்தேன்?"

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எத்தனையோ தரம் பாத்துட்டேன். வாயத் தொறக்கவே மாட்டேங்குறேன். முழிக்கிறேன். தப்புப் பண்ணவ முழிக்கிற மாதிரித்தான் இருக்கு. மாமா குடிச்ச அன்னைக்கு மோட்டார் ரூமக் கூட்டுனேன். நான்தான் அந்தப் பாட்டிலத் தூக்கிச் சரக்கு இருந்த எடத்துல வச்சுட்டேனோ? வச்சதாத்தான் இப்பல்லாம் ஞாபகம் வருது."

அவள் அழவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். மூன்று லட்சம் பேரை நம்பவைத்தது பற்றாதென்று அவளையும் நம்பவைத்திருக்கிறேன். பாவி என்று யாரும் என்னைத் திட்ட வேண்டியிருக்கவில்லை, நானே திட்டிக்கொண்டேன்.

வெட்டாத பதிவைப் போட்டுக் காட்டினேன். கேள்வி வந்தது. உடனே பதிலும் வந்தது. அக்கா தன் குரலைத் தானே வாய் பிளந்து கேட்டாள். பேட்டி முடிந்தது. பிறகு என் குரல்: "அரை நிமிஷம் அப்படியே இருங்க. யாரும் பேசக் கூடாது."

"நீங்க சொல்லித்தான் சும்மா இருந்தேனா?"

"ஆமாக்கா. நான்தான் வெட்டி ஒட்டுனேன். தப்பு என்னோடது."

கைநீட்டி அறைவாள் என்று பார்த்தேன். அறைந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "இத எங்க வீட்ல வந்து சொல்லுவீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். போகும் வழியில் கார்த்திக்ராஜை ஃபோனில் பிடித்து, வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கச் சொல்லிக் கத்தினேன். நீக்கியும்விட்டான். ஆனால் அதற்குள் அது வாட்ஸ்அப்பில் மாவட்டமே சுற்றியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வீட்டில் அவள் கணவர் சண்முகராஜ் நிலைக்கதவில் சாய்ந்து நின்றார். நாத்தனார் பூமாரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். செத்தது அவளுடைய அப்பா. நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பிறகு வெட்டாத பதிவை ஓடவிட்டேன். இரண்டு விளக்கும் எரிய முகம் வெள்ளையாக, பின்னால் ஃபேன் கடகடக்க, அக்கா சட்டென்று பதில் சொன்னாள்.

பூமாரி உதட்டைப் பிதுக்கினாள். "இதுலதான் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. ஃபோன்ல பாத்தனே, அதான்யா அவ மூஞ்சி. பாத்தவொடனே எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு."

"அது நான் போட்ட சத்தம்ங்க. அதக் கேட்டா யாருக்கும் கலங்கும்."

"வெட்டி ஒட்டுறதுதான ஒம் பொழப்பு? அத ஒட்டத் தெரிஞ்சவனுக்கு இத ஒட்டத் தெரியாதா?"

அவள் கேட்டது நியாயம். சண்முகராஜ் மட்டும் அந்த இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னார். பார்த்துவிட்டு மறுபடி நிலைக்கதவிலேயே சாய்ந்துகொண்டார்.

அக்கா அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் காப்பியோடு வந்தாள். "இவ்வளவு தூரம் எனக்காக வந்தீக. குடிங்க தம்பி" என்று நீட்டினாள். வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கத்தான் கொடுக்கிறாள் என்பதும் எனக்குப் புரிந்தது. ஒரு மடக்கு குடித்தால் போதும், நான் இத்தனை நேரம் பேசியதைவிட அது பெரிய சாட்சி.

வாங்கினேன். உதட்டருகே கொண்டுபோனேன். கை நின்றது.

ஒரு விநாடிகூட இருக்காது. அவள் மேலுள்ள சந்தேகத்தை வெட்டி ஒட்டி உண்டாக்கியவனே நான். என் கை நின்றது. பிறகு மடக்மடக்கென்று குடித்தேன், நாக்கு வெந்தது. டம்ளரை வைத்து நிமிர்ந்தபோது கட்டிலில் பூமாரி, நான் சொன்னேனே என்கிற மாதிரி லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"சூடு தம்பி" என்றாள் முத்துப்பேச்சி அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் ஆத்தாமக் குடுத்துட்டேன். எம் மேலதான் தப்பு."