தொட்டிக்குள் குடியிருப்பவர்கள்

ஊரே கழுவி ஊற்றுவதெல்லாம் வந்து சேரும் இடத்தில் எனக்கு ஏழு வருடமாக வேலை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் நான் ஒருத்திதான். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘தண்ணீர் பரிசோதனை’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் நான் கணினியில் பதில் அனுப்பியாக வேண்டும். சுற்றுச்சூழல் மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருந்தது. ஒன்று நாலு தெரு தள்ளி, மாலை வகுப்பு. சட்டம், அறிக்கை, தணிக்கை. அதை முடித்தால் மேலாளர் நாற்காலி எனக்குத்தான் என்று எங்கள் பொறியாளர் வாக்குக் கொடுத்திருந்தார். இன்னொன்று ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில், இரண்டு வருடம். முதல் வருடம் பூராவும் ஆறு, மண், தொட்டி என்று அவற்றில் வாழும் உயிர்களைப் பற்றித்தான் பாடம், மேலாண்மையெல்லாம் அப்புறம்தான். இரண்டுக்கும் ஒரே கடைசி நாள். என் அதிர்ஷ்டம் அப்படி.

“மொதல்ல உயிரைத் தெரிஞ்சுக்கோ, அப்புறம் மேய்க்கலாம்னு சொல்றாங்க போல,” என்றார் என் கணவர். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். சும்மா இருக்கத் தெரியாத வாய். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “பாப்பாவுக்குப் பத்து வயசு. ரெண்டு வருஷம் நீ இல்லாம நாங்க என்ன பண்ணுவோம்? பக்கத்துல இருக்கறதையே படி.” நானும் மண்டையை ஆட்டிவிட்டு வேலைக்கு வந்தேன். ஆட்டிய மண்டைக்குள் ஒன்றும் முடிவாகவில்லை.

கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் காற்றூட்டும் தொட்டியில் இருக்கின்றன. அங்கிருந்து எடுக்கும் மாதிரியைப் பாட்டிலில் பாதிதான் நிரப்ப வேண்டும், காற்று போக மூடியைத் தளர்த்தியே வைக்க வேண்டும், அரை மணிக்குள் நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே செய்கிற வேலை. அன்று கண்ணைத் திறந்துகொண்டே கோட்டைவிட்டேன். பாட்டிலைத் தளும்ப நிரப்பி, இறுக்கி மூடி, சூடாக மூச்சுவிடும் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு பாடத்திட்டங்களையும் மாறி மாறிப் படித்ததில் மூன்று மணி நேரம் போய்விட்டது.

பிறகு ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இன்னொரு சொட்டு. அதிலும் அசைவில்லை. எழுந்து போய்ப் பொறியாளர் அறைக் கதவைத் தள்ளினேன்.

“சார், தொட்டி செத்துப்போச்சு!”

பொறியாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். “எந்தக் கம்பெனிக்காரன் விஷத்தைக் கலந்தான்?” உள்ளே வரும் கழிவுநீரை நிறுத்தச் சொல்லப் போனை எடுத்தார். நிறுத்தினால் தெருத்தெருவாகச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வரும்.

நான் தொட்டிக்கு ஓடினேன். ஈர மண் வாசனை அடித்தது. செத்த தொட்டியாக இருந்தால் குடலைப் பிடுங்கும். அப்போதுதான் மூடியைத் திருகிய திருகு நினைவுக்கு வந்தது.

“போனை வைங்க சார்! தொட்டிக்கு ஒண்ணுமில்ல. மூச்சு முட்ட வெச்சுக் கொன்னது நான்தான்.”

“மேனேஜர் ஆகப்போற பொண்ணு!” என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

புது மாதிரி எடுத்து வந்து குனிந்தேன். தண்டின் நுனியில் மணி போல ஒன்று, வாயைச் சுற்றி ரோமம் சுழலச் சுழலத் தண்ணீரை உள்ளே இழுத்தது. திடுக்கிட்டால் சுருண்டுகொண்டது, பயம் தெளிந்ததும் மெல்ல நிமிர்ந்தது. பக்கத்தில் கண்ணாடி உடம்புக்காரி ஒருத்தி. அவள் மெல்லுவது வெளியிலிருந்தே தெரிந்தது. ஏழு வருடமாக இவர்களை எண்ணி எண்ணிப் படிவத்தில் கோடு போட்டிருக்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. லட்சம் பேர் முகம் சுளித்துக் கழுவிவிட்டதை இவர்கள் முகம் சுளிக்காமல் தின்று, தண்ணீரை மறுபடியும் ஆற்றுக்குக் கொடுக்கிறார்கள். இவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாமலே நிர்வாகம் பண்ணக் கிளம்பியிருந்தேன்.

நாலே முக்காலுக்குக் கணவர் என்னை அழைத்துப்போக வந்தார். “எந்தப் பட்டனை அமுக்கின?”

“இன்னும் இல்ல. மொதல்ல இதைப் பாருங்க.”

“சாக்கடையையா?” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரத்தில் கை தானாக இறங்கியது.

“இது... மெல்லுது.”

“ஆமா.”

“இத்தனை நாளும் இங்கதான் இருந்துச்சா?”

“இங்கதான்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடியும் குனிந்தார். பிறகு நிமிராமலே கேட்டார்: “தூரமா இருக்கறதைத்தானே எடுக்கப்போற?”

“ஆமாங்க. பாப்பாவை விட்டுட்டுப் போறது லேசு இல்ல. ஆனா இதையெல்லாம் தெரிஞ்சுக்காம என்னால அந்த நாற்காலியில உக்கார முடியாது.” ஐந்தாக நாலு நிமிடம் இருந்தது. “நீங்க சரின்னு சொன்னாதான்.”

அவர் கண்ணை நுண்ணோக்கியிலேயே அழுத்தி வைத்திருந்தார்.

“என் மூஞ்சியைப் பாக்காத,” என்றார். “அமுக்கு.”

அமுக்கினேன். ஐந்து மணி தாண்டியும் அவர் நிமிரவில்லை.